கட்டுடைப்பா, கட்டவிழ்ப்பா?

இன்றைய தமிழ்த் திறனாய்வில் ‘கட்டுடைப்பு’ என்னும் சொல் மலிந்து வழங்குகிறது. பழைய நூலொன்றைப் பழித்தாலும் கட்டுடைப்பு. நம்பிக்கையொன்றை மறுத்தாலும் கட்டுடைப்பு. அதே பொருளில் ‘கட்டவிழ்ப்பு’ என எழுதுவாரும் உளர். இரண்டும் ஒன்றுதாமா என ஆராய்தல் தகும்.

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ழாக் தெரிதா 1967இல் வெளியிட்ட நூல்களால் இக்கலைச்சொல் பரவிற்று. செருமானிய அறிஞர் ஹைடெகர் ஆண்ட சொல்லைப் பிரெஞ்சில் தர முயன்ற அவர், நேரே பெயர்த்தால் ‘அழிப்பு’ என்னும் பொருளே மேலோங்கும் எனக் கண்டு வேறு சொல் நாடினார். 1983இல் சப்பானிய அறிஞர் இசுட்சுவுக்கு எழுதிய மடலில் இதனை அவரே விளக்குகிறார். லித்ரே அகராதியில் அவர் கண்ட பொருள்களுள் இரண்டு: இயந்திரத்தை வேற்றிடம் கொண்டுசெல்லப் பகுதி பகுதியாகப் பிரித்தல், செய்யுளின் யாப்பை நீக்கி உரைநடைபோல் ஆக்குதல். தம் கருத்து இவற்றுள் முழுதும் அடங்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இவை நமக்குப் புதியனவல்ல. ரப்பர்த் தகடு உருட்டும் இயந்திரத்தைச் செப்பனிட்ட தோட்டத்துப் பிட்டர், ‘கழற்றிப் பூட்டினேன்’ என்பார். ‘உடைத்தேன்’ என்றால் அவர் வேலை போய்விடும். செய்யுளைப் பதம் பிரித்துக் கொண்டுகூட்டிப் பொருள் கூறுவதோ நம் உரையாசிரியர் மரபு.

‘கட்டு என்பது தளையுமாம், தளையை உடைத்தல் விடுதலையன்றோ?’ என வினவலாம். நியாயமே. நூலுக்குள் சாதிச் செருக்கோ பெண்ணிழிவோ மறைந்திருப்பின் வெளிப்படுத்தத்தான் வேண்டும். ஆயின், முடிச்சை அறுத்தெறிந்தவனுக்கு அது போடப்பட்ட விதம் தெரியாது, அவிழ்த்தவனுக்கே தெரியும். ‘பகுப்பாய்வு’ என்பதும் பொருந்தாது. பகுபதத்தைப் பகுதி, விகுதி எனப் பிரித்தால் நம் வேலை முடிந்துவிடும். அவ்வாறு எளிய கூறுகளில் சென்று முடிவதன்று தம் முறை என்பது தெரிதாவின் கூற்று.

பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம், “ஐயா, கட்டுடைப்பதற்கு நூல் முழுவதையும் படிக்க வேண்டுமா?” என்று கேட்டார். குற்றம் அவருடையதன்று, உடைப்பதற்குப் படிப்பு எதற்கு என்று அச்சொல்லே எண்ண வைத்துவிட்டது. சொல் பிழைத்தால் பயிற்சியும் பிழைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் முன்னோர் நூல்களை ஏட்டுக்கட்டுகளாகப் பேணினர். கயிற்றைப் பொறுமையுடன் அவிழ்த்தவரே அவற்றைப் படித்தனர். மீண்டும் கட்டியும் வைத்தனர். ஆகவே ‘கட்டவிழ்ப்பு’ என்றே வழங்குவோமாக.