பத்தில் ஒரு பங்கு, யார் கணக்கில்?

2024 ஏப்ரலில் மும்பை ஐஐடியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு ‘நெக்ஸ்கார்19’ஐத் தொடங்கி வைத்ததிலிருந்து ஒரே பாட்டுதான். உலகிலேயே மலிவான கார்-டி புற்றுநோய்ச் சிகிச்சை நம்முடையதாம். அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்காம்.

சாதனையை மறுக்கவில்லை. நோயாளியின் டி செல்களைப் பிரித்து, புற்றுச்செல்லை இனம்காணும் மரபணுவை அவற்றில் ஏற்றி, பெருக்கி, மறுபடி உடம்பில் செலுத்துவதை ஐஐடியும் டாடா நினைவு மையமும் இங்கேயே செய்து காட்டின. கீமோவுக்கு மசியாத நோயாளிகளில் நூற்றுக்கு 73 பேருக்குப் பலன் தெரிந்ததாக 2025இல் ‘லான்செட் ஹீமட்டாலஜி’யில் ஆய்வும் வந்தது. அந்தப் பலன் எத்தனை மாதம் நிற்கும் என்பது வேறு வழக்கு.

என் சண்டை அந்தப் பத்தில் ஒரு பங்கோடுதான். 2017இல் ‘கிம்ரியா’ என்ற கார்-டி சிகிச்சைக்கு அமெரிக்காவில் 4,75,000 டாலர் விலை வைத்தார்கள். அதன் பக்கத்தில் எதை நிறுத்தினாலும் மலிவுதான். அங்கே அந்தத் தொகையைப் பெரும்பாலும் காப்பீடு கட்டுகிறது. இங்கே குடும்பம் கட்ட வேண்டும்.

ஆர்.கே.பேட்டையில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நெக்ஸ்கார் விலை 30 லட்சத்துக்கும் மேல். வரம்பின் உச்சியில் சம்பாதிப்பவருக்கே அது குறைந்தது 25 ஆண்டு வருமானம், சாப்பிடாமல் சேர்த்தால்! காப்பீடு தருவதோ குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் போய்க் கேட்க ஓர் இடமாவது உண்டு. சின்னத் தறிக்கூடத்தில் அதுவும் கிடையாது. இதற்கு மேல், முதல் கீமோவிலேயே நகை போயிருக்கும். செல்களை ஏற்றிய பிறகு காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு என்று பக்கவிளைவுகளைக் கண்காணிக்க மருத்துவமனை அருகிலேயே தங்க வேண்டும். கூட இருப்பவரின் கூலியும் போகும்.

ஐஐடியும் டாடா மையமும் யார் பணத்தில் நடக்கின்றன? தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிற தறிக்காரர் பணமும் அதில் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு அவர் பங்காளி, விலை வைக்கும்போது மட்டும் அந்நியர். உள்நாட்டு மருந்தின் விலையை அமெரிக்க விலையிலிருந்து கழித்துக் காட்டிப் பெருமைப்படுவது விளம்பரக்காரர் வேலை. விஞ்ஞானிகளும் அமைச்சர்களும் ஏன் செய்ய வேண்டும்?

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குள்ளேயே செல்களைத் தயாரித்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டது. சோளிங்கர் வழியாகப் போனால் ஆர்.கே.பேட்டைக்கு அது பக்கம்தான். இத்தகைய கூடம் ஒன்றை அரசு மருத்துவமனையில் தமிழக அரசு தொடங்கட்டும்; அதுவரை, நெக்ஸ்கார் ஒரு டோசுக்கு உற்பத்திச் செலவு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்ற கணக்கைப் பொதுவில் வைக்கும்படி அதைத் தயாரிப்பவர்களிடம் சொல்லட்டும்.