பன்றிக்கு எஸ்.ஜி. போதுமா?

முயலுக்கு .22, சிறு மானுக்கு .243, கடமானுக்கு .30-06, யானைக்கும் காட்டெருதுக்கும் .375க்குக் குறையாமல். விலங்கின் எடையை ஒரு பக்கமும் அதற்கேற்ற குழல் விட்டத்தை அங்குலத்தில் மறுபக்கமும் எழுதிய இந்தப் பட்டியல் வேட்டை நூல்களில் நெடுங்காலமாக இருந்துவருவது. இப்போது நம் பக்கத்துத் துப்பாக்கி உரிமக்காரர்களும் அதை மாறாத விதியாகவே பேசுகிறார்கள். புதிதாகத் துப்பாக்கி எடுப்பவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. .22ஐக் கொண்டு மானைச் சுட்டு, அது குற்றுயிராய் ஓடிப்போகும் கொடுமையைப் பட்டியல் தடுக்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் ஆபத்தான பெருவிலங்குகளுக்கு .375தான் குறைந்தபட்சம் என்று வைத்திருப்பதிலும் குறை சொல்ல ஏதுமில்லை. பட்டியலின் பயன் அதோடு சரி. விட்டத்தைச் சொல்லிவிட்டால் எல்லாம் சொல்லியாயிற்று என்ற நம்பிக்கையை அது வளர்த்துவிடுகிறது. அந்த நம்பிக்கைதான் தவறு.

.22 லாங் ரைஃபிள், .223 ரெமிங்டன் இரண்டின் குண்டுகளும் ஏறத்தாழ 5.7 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. ஆனால் இரண்டாவதன் ஆற்றல் முதலாவதைப்போல ஒன்பது மடங்கு. ஒரே விட்டத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது. வால்டர் பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர், அவற்றில் பெரும்பாலானவற்றை .275 ரிக்பி என்ற 7 மில்லிமீட்டர் துப்பாக்கியால் வீழ்த்தினார். பட்டியலின்படி அது மானுக்கான துப்பாக்கி. பெல் குறிதவறாமல் சுடுவதில் அசாதாரணமானவர், யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்துப் படித்தவர், அவரைப் பார்த்து மற்றவர்கள் இறங்கக் கூடாது என்பார்கள். நானும் அதையே சொல்வேன். ஆனால் அவர் பயன்படுத்தியது முழுக்க உலோக உறையிட்ட, நீண்ட, நசுங்காத குண்டு. அதே துப்பாக்கியில் மானுக்கான மென்முனைக் குண்டைப் போட்டிருந்தால் மூளையை எட்டுமுன்பே எலும்பில் விரிந்து நின்றிருக்கும். இரண்டுக்கும் குழல் ஒன்றே. வேலையைச் செய்தது குண்டின் அமைப்பு. ஸ்காட்லாந்தின் 1985ஆம் ஆண்டு மான் வேட்டை ஆணை இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. குண்டின் எடை, வேகம், ஆற்றல், பட்டதும் விரியும் தன்மை ஆகியவற்றைத்தான் அது கேட்டது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டுச் சட்டமோ .240 அங்குலம் என்று விட்டத்திலிருந்து தொடங்கி, அது போதாதென்று 1,700 அடி-பவுண்டு ஆற்றலையும் குண்டின் வகையையும் சேர்க்க வேண்டியிருந்தது.

சந்தேகம் வந்தால் பெரியதையே எடு, கூடுதல் கெடுதல் இல்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கெடுதல் உண்டு. .375இன் பின்னுதைப்பு .30-06ஐப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அந்த அடிக்குத் தோள் பயந்துவிட்டால், விசையை அழுத்தும் கணத்திலேயே கை குழலை அசைத்துவிடும். வயிற்றில் பட்ட பெரிய குண்டைவிட நுரையீரலில் பட்ட சிறிய குண்டு விரைவாகக் கொல்லும்.

இதெல்லாம் ரைஃபிள்காரர்களின் விவாதம், நம் ஊரான காப்பாருக்கு என்ன என்று கேட்கலாம். தியோடர் ஹப்பேக் 1905இல் மலாய் மாநிலங்களின் யானை, செலாடாங் (காட்டெருது) வேட்டை பற்றி நூல் எழுதியபோது பட்டியலின் கடைசி வரிக்கும் இங்கே வேலை இருந்தது. இன்று செலாடாங் முழுப் பாதுகாப்பில் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் உரிமத்தோடு சுடப்படுவது பெரும்பாலும் காட்டுப்பன்றிதான். அதற்கான கருவி பன்னிரண்டு போர் (12-bore) வேட்டைத் துப்பாக்கி. அங்கும் அதே பட்டியல் வேறு உருவில் வந்து நிற்கிறது: பறவைக்குப் பொடி ரவை, பன்றிக்கு எஸ்.ஜி. என்ற பெரிய ரவை. ரவையின் பருமனைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. எவ்வளவு தூரத்தில் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு தோட்டாவில் எட்டோ ஒன்பதோ எஸ்.ஜி. ரவைகள் இருக்கும். ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர் பருமன், மூன்றரை கிராம் எடை. மொத்த ஆற்றலைக் கூட்டினால் .223ஐயும் மிஞ்சும். பன்றியின் உடலுக்குள் அந்தக் கூட்டுத்தொகை போவதில்லை, தனித்தனி ரவைதான் போகிறது. உருண்டை ஈயம் காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழப்பதால், நாற்பது மீட்டரில் ஒரு ரவையின் ஆற்றல் ஏறக்குறைய .22 குண்டின் அளவுக்கு இறங்கிவிடும். எதை வைத்து மானைச் சுடக் கூடாது என்று பட்டியல் எச்சரித்ததோ அதையே எண்பது கிலோ ஆண் பன்றியின் மீது தூவுகிறோம். வளர்ந்த ஆண் பன்றியின் தோளில் கெட்டியான தடித்த தோல் கேடயம்போல் படர்ந்திருக்கும். இதயம் நெஞ்சின் அடியில், முன்காலை ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. முதுகுத்தண்டும் தோளருகே நாம் நினைப்பதைவிடக் கீழே இறங்கி ஓடுகிறது. உயர்ந்த திமிலைக் குறிவைத்தால் மயிரும் கொழுப்பும்தான் கிழியும். பரவிப்போன ஒன்பதில் இரண்டு ரவை வயிற்றில் பட்ட பன்றி, ஓலைக் குவியலுக்குள் புகுந்து நாள்கணக்கில் வலித்துச் சாகும். அதைத் தேடிப் போகிறவரையும் அது தாக்கும்.

அப்படியானால் ஒற்றைக் குண்டுத் தோட்டா போடலாமே என்பது அடுத்த மறுப்பு. உள்நாட்டு மலையடிவாரத்தில் அது சரி. தவறிய குண்டை மேடு வாங்கிக்கொள்ளும். காப்பார் கடலோரச் சமவெளி. தோட்டத்தின் எல்லைக் கால்வாயைத் தாண்டினால் தாமான் குடியிருப்பு வீடுகள். இங்கே தவறிய ஒற்றைக் குண்டைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. ஆக எஸ்.ஜி.யை விட முடியாது. தூரத்தைத்தான் குறைக்க வேண்டும், அந்தத் தூரத்தைப் பட்டியல் சொல்லாது. ஒரே தோட்டா ஒவ்வொரு குழலிலும் வெவ்வேறு விதமாய்ப் பரவும்.

உரிமம் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பன்றியைத் தேடிப் போகுமுன், அனுமதி பெற்ற சுடுதளத்தில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டம் வரைந்த தாளை இருபது, இருபத்தைந்து, முப்பது மீட்டரில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் ஐந்து ரவைக்குக் குறைவாக விழும் தூரத்தில் உங்கள் துப்பாக்கி பன்றிக்கு ஆகாது. அங்கே நிற்கும் பன்றியைச் சுடாமல் விட்டுவிடுங்கள்.