எண்ணப்பட்டவர்களும் விடுபட்டவர்களும்: ட்ரெம்பலோ கவுண்டியின் வரலாற்றெழுத்து

2016 தேர்தலுக்குப் பிறகு அமெரிக்க மத்திய மேற்கைப் பற்றி ஒரு சித்திரம் நிலைபெற்றுவிட்டது: வெள்ளையர் மட்டுமே வாழ்கிற, உலகம் மறந்துபோன, மாறவே மாறாத ஊர்கள். விஸ்கான்சினின் ட்ரெம்பலோ கவுண்டி 2008, 2012 தேர்தல்களில் ஒபாமாவையும் 2016இல் டிரம்பையும் ஆதரித்தது. அந்தச் சித்திரத்தில் அதை அடைப்பது எளிது. ஆனால் ஏறத்தாழ 30,000 பேர் வாழும் இந்தக் கவுண்டியைப் போல நுணுக்கமாக ஆராயப்பட்ட கிராமப்புறம் அமெரிக்காவில் அதிகம் இல்லை. அந்த ஆய்வுகளைப் புரட்டாமலேயே தீர்ப்பு எழுதுகிறார்கள்.

பனிப்பாறைகள் தொடாமல் விட்ட குன்றுநாடு இது. தெற்கே மிசிசிப்பி. 1685இல் பிரெஞ்சு வணிகர் நிக்கோலா பெரோ இங்கே குளிர்காலத்தைக் கழித்தார். 1854இல் கவுண்டி உருவானது. 1917இல் வெளிவந்த கர்ட்டிஸ்-வெட்ஜின் தொகுப்பு, அக்கால வழக்கப்படி, முன்னோடிக் குடும்பங்களின் பெருமை பாடுகிறது. தகவல் சுரங்கம்தான்; வரலாறு என்று சொல்ல மனம் வரவில்லை.

வரலாறு 1959இல் வெளிவந்த ஒரு நூலில் தொடங்குகிறது. எல்லைப்புற வாழ்க்கையே ஜனநாயகத்தை வளர்த்தது என்று வரலாற்றாசிரியர் டர்னர் 1893இல் சொன்னதை, இன்னொரு வரலாற்றாசிரியரான மெர்ல் கர்ட்டி அதில் இந்த ஒரே கவுண்டியில் வைத்துச் சோதித்தார். 1880 வரையிலான கணக்கெடுப்பு ஏடுகளில் இருந்த ஆட்களைத் துளையட்டைகளில் ஏற்றினார். யாருக்கு எவ்வளவு சொத்து, யார் தங்கினார், யார் போனார், நார்வேயிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்தவர்கள் எப்போது உள்ளூர்ப் பதவிகளுக்கு வந்தார்கள் என்று ஆள் ஆளாக எண்ணிப் பார்த்த அபாரமான உழைப்பு அது. டர்னர் சொன்னது பெரும்பாலும் சரி என்பது முடிவு. அந்த எண்ணும் முறையை வகுத்ததில் அவர் மனைவி, உளவியலாளர் மார்கரெட் கர்ட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் 'உதவி' வரிசையில் நிற்கிறது. இந்தத் துறை அவருக்குப் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

பின்வந்த வரலாற்றாசிரியர் தலைமுறை டர்னரை நிராகரித்தபோது கர்ட்டியையும் சேர்த்து ஒதுக்கியது. இது பெரிய தவறு. கர்ட்டியின் குறை அவர் எண்ணியதில் இல்லை, எண்ணக் கிடைத்த ஏட்டில் இருக்கிறது. வரி கட்டாத பூர்வகுடியினரை அன்றைய கணக்கெடுப்பு சேர்க்கவில்லை. 1837 ஒப்பந்தத்தால் நிலம் பறிபோன பிறகும், மேற்கே துரத்தத் துரத்தத் திரும்பி வந்த ஹோ-சங்க் மக்கள் அதனால் துளையட்டைக்குள் வரவே இல்லை. பெண்களுக்கும் அதே கதி. 1870 ஏட்டில் மனைவியின் பெயருக்கு எதிரே 'வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்' என்று எழுதினால் கணக்கெடுப்பாளரின் வேலை முடிந்தது. கோதுமை பொய்த்துப் பால் பண்ணை தலையெடுத்தபோது அந்த உழைப்பில் பெண்களுக்கும் பெரும் பங்கு இருந்தது. அந்த இடைவெளியை வரலாற்றாசிரியர் ஜேன் மேரி பெடர்சன் 1992இல் நிரப்பத் தொடங்கினார். இதே கவுண்டியின் குடும்பங்களையும் சமூகங்களையும் 1970 வரை பின்தொடர்ந்த அவருடைய நூல், என் கணக்கில், கர்ட்டிக்குக் கிடைத்த சிறந்த பதில்.

1970க்குப் பிந்திய ட்ரெம்பலோவுக்குத்தான் இன்னும் தகுதியான வரலாற்றாசிரியர் வாய்க்கவில்லை. எண்ணெய்க் கிணறுகளில் பாறையைப் பிளக்க உதவும் சிலிக்கா மணல் இந்தக் குன்றுகளில் கிடைக்கிறது. சுரங்கங்கள் குவிந்தன. 2013இல் கவுண்டி வாரியம் புதிய சுரங்கங்களைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அதே ஆண்டு நிலப் பயன்பாட்டுக் குழு ஆல்எனர்ஜி நிறுவனத்தின் விண்ணப்பத்தை மறுத்தது. நிறுவனம் வழக்காடியது. 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் குழுவின் பக்கம் நின்றது. அதே ஆண்டு சட்டமன்றம் 67ஆம் சட்டத்தைக் கொண்டுவந்து, மக்களின் விருப்பமும் ஊகமும் மறுப்புக்குப் போதாது, உறுதியான சான்று வேண்டும் என்று உள்ளூர்க் குழுக்களின் கையைக் கட்டியது. டர்னரின் கேள்வி உயிரோடு இருக்கும் இடம் இதுதான்: மண் யாருடையது, அதைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் யார் உட்காரலாம்?

அந்த மேசைக்கு இன்னொரு வாசலும் திறக்க வேண்டியிருக்கிறது. ஆஷ்லி மரச்சாமான் நிறுவனத்தின் தலைமையகமான ஆர்க்கேடியா நகரில், 2020 கணக்கெடுப்பின்படி, பாதிக்கு மேற்பட்டோர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அவர்களில் எத்தனை பேர் பத்தாண்டுக்கு மேல் தங்குகிறார்கள், எத்தனை பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள், நகர மன்றத்திலும் பள்ளி வாரியத்திலும் எப்போது இடம் பிடித்தார்கள்? நார்வேக்காரர்களைப் பற்றிக் கர்ட்டி தம்பதியர் கேட்டவை இவைதான். ஆவணங்கள் வைட்ஹாலில் உள்ள கவுண்டி அலுவலகத்திலும் ஊர் மன்றங்களின் கூட்டக் குறிப்புகளிலும் இருக்கின்றன. எண்ணத் தொடங்குகிறவர் இந்த முறை ஹோ-சங்க் மக்களிடமிருந்து தொடங்கட்டும்.