பிழையான அடிப்படை: கிஸ்ஸிங்கர் ஆய்வறிக்கை குறித்து

வல்லரசுகள் பிற நாடுகளைப் பற்றித் தமக்குள் எழுதிக்கொள்ளும் இரகசிய ஆவணங்களில் சொல்லப்பட்டதோடு, கணக்கில் கொள்ளப்படாததையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். 1969 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் நிக்ஸனின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கரின் பணிப்பின் பேரில் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பரில் நிறைவுற்ற தெற்கு ஆப்பிரிக்கா பற்றிய ஆய்வறிக்கை அத்தகையது. 1970களின் நடுவில் அது வெளியே கசிந்து நூலாகவும் அச்சேறியது.

முதலீடு, வணிகம், தங்கம், நன்னம்பிக்கை முனைக் கடல்வழி என அமெரிக்க நலன்களை அறிக்கை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் எதுவும் அமெரிக்கப் பாதுகாப்புக்கு இன்றியமையாததன்று என அதுவே ஒப்புக்கொள்வதும் கவனிக்கத்தக்கது. அது முன்வைத்த பல வழிகளுள் நிக்ஸன் அரசு தேர்ந்துகொண்டது இரண்டாவதை. வெள்ளையர் ஆட்சி நிலைத்திருக்கும். மாற்றம் அவர்கள் வழியாகவே வர முடியும். கறுப்பின மக்கள் ஆயுதப் போராட்டத்தால் உரிமை பெற வழியில்லை என்பவை அதன் அடிப்படைகள்.

அடிப்படைக் கூற்று பிழையாயின் அதன்மீது எழும் முடிவை நம்புவதற்கில்லை என மன்திக் எனும் தர்க்கக் கலையில் நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். 1974 ஏப்ரலில் லிஸ்பனில் இராணுவப் புரட்சி நிகழ்ந்தது. மறு ஆண்டே மொசாம்பிக்கும் அங்கோலாவும் விடுதலையடைந்தன. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவின் பள்ளி மாணவர்கள் வீதிக்கு வந்தனர். நிலையானது எனக் கொள்ளப்பட்ட ஒழுங்கு ஏழாண்டுகளுக்குள் ஆட்டங்கண்டது.

கனிமத்தின் பிடியோ எளிதில் தளரவில்லை. ஐ.நா. தடையை மீறி ரொடீசியக் குரோமியத்தை இறக்குமதி செய்ய அமெரிக்கக் காங்கிரஸ் 1971-இல் வழிவகுத்தது. ரீகனின் மறுப்பாணையை முறியடித்து 1986-இல் அது இயற்றிய தடைச் சட்டம், தென்னாப்பிரிக்க யுரேனியம், நிலக்கரி, எஃகு ஆகியவற்றைத் தடுத்தது. ஆயினும் பாதுகாப்புத் துறைக்குத் தேவையான கனிமங்களுக்கு விலக்களித்தது.

இவ்வறிக்கை எழுதப்பட்டுக்கொண்டிருந்த மாதங்களில்தான், நிறவெறியை எதிர்த்த கேப்டவுன் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் 123 நாள் காவலில் வைக்கப்பட்டு 1969 செப்டம்பர் 27 அன்று உயிர் நீத்தார். படிக்கட்டில் விழுந்தார் என்ற காவல்துறையின் கூற்றை 1970-ஆம் ஆண்டு விசாரணை ஏற்றது. சித்திரவதையே காரணம் என 2023-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகையோரை அந்நாட்டின் நாளைய உரிமையாளர்களாக எண்ணிப் பார்க்காததே அறிக்கையின் பெருங்குறை என்பது நமது துணிபு.