கருவி வந்தது; கல்வி வந்ததா?

நெய்வேலியில் மண்ணை வெட்டத் தொடங்கியது 1957 மே திங்களில். பழுப்பு நிலக்கரியைக் கண்ணாற் கண்டது 1961 ஆகஸ்டில். இடையில் நான்காண்டுக் காலம் மேல்மண்ணை அகற்றுவதில் கழிந்தது. நிலக்கரிப் படுகைக்கு அடியிலிருந்து மேலெழ முனைந்த நீரின் அழுத்தத்தை ஓயாது இறைத்துத் தணிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு எந்திரங்கள் வந்திறங்கின, உண்மை. ஆனால் எந்திரம் வந்ததாலேயே கரி வெளிவந்துவிடவில்லை. மண்ணின் தன்மையையும் நீரின் போக்கையும் ஆராய்ந்த அறிவுதான் அந்த எந்திரங்களை வேலை வாங்கிற்று.

இந்தப் பாடத்தை நம் கல்வித்துறை கற்றுக்கொண்டதா என்று கேட்க விரும்புகிறோம்.

கருவிகள் வந்தன. 2011-இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டம் தொடங்கிற்று. 2018-19 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில், கைப்பேசியைக் காட்டினால் பாடக் காட்சி விரியும் கட்டங்கள் அச்சிடப்பட்டன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி பிறந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. இவற்றை எள்ளி நகையாட நாம் எழுதவில்லை. எழுத்தே மறுக்கப்பட்டிருந்த வீட்டுப் பிள்ளையின் மடியில் கணினி அமர்ந்தது சிறு செயலன்று. அதை 'இலவசம்' என்று இகழ்ந்தவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

நாம் குறை காண்பது வேறிடத்தில். கணினிக்கென ஒரு தனி அறை. கணினிக்கென ஒரு தனிப் பாடவேளை. மேல்நிலை வகுப்பில் அதை விரும்பி எடுத்தவர்க்கு மட்டும் ஒரு தனிப் பாடம். மணி அடித்ததும் அறை பூட்டப்படுகிறது. அறிவும் உள்ளேயே இருந்துவிடுகிறது! தமிழாசிரியர் அது தம் வேலையன்று என்கிறார். வரலாற்று ஆசிரியரும் அப்படியே. ஆயுதபூசை நாளில் மட்டும் அந்த அறை எல்லோர்க்கும் திறக்கிறது. திரைக்குச் சந்தனம், விசைப்பலகைக்குக் குங்குமம்! கருவியை வணங்கக் கற்பித்தவர்கள், அது காட்டுவதை ஐயுறக் கற்பித்தார்களா?

ஐயுறாமையின் விலை என்ன? 2023 மார்ச்சில் நாடு அதைக் கண்டது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. ஆராய்ந்தபோது, வேறு மாநிலங்களில் வேறு காரணங்களால் நிகழ்ந்தவற்றையும் எடுத்து ஒட்டியிருந்தது தெரிந்தது. உண்மை வெளிப்படுமுன் அச்சம் தொடர்வண்டி ஏறிவிட்டது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்பியது. பல மொழி பேசுவோர் அடுத்தடுத்த வீட்டில் வாழும் நெய்வேலி நகரியம் போன்ற ஊரில் இத்தகைய பொய் ஒரே இரவில் என்ன செய்யும் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

அந்தக் காணொளியை அனுப்பியவர்களுக்குக் கைப்பேசி இயக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரியாதது, 'இது எங்கே எடுத்தது, என்று எடுத்தது, யார் எடுத்தது?' என்று கேட்கத்தான். டிஜிட்டல் எழுத்தறிவு என்று நாம் சொல்வது இந்தக் கேள்வியைத்தான். இது ஒரு பாடத்துக்குள் அடங்காது. எல்லாப் பாடங்களிலும் ஊற வேண்டும்.

தமிழ் வகுப்பில், பெரியார் சொன்னதாக உலவும் ஒரு வாசகத்தை எடுக்கட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் இருக்கின்றன. எந்த ஏட்டில், எந்த நாளில் அவர் அதை எழுதினார் என்று மாணவன் தேடிப் பார்க்கட்டும். வரலாற்று வகுப்பில், நம் நாட்டுப் பண்ணே உலகில் சிறந்ததென யுனெஸ்கோ அறிவித்ததாகப் பல்லாண்டாகச் சுற்றும் பொய்யை ஆராயட்டும். கணக்கு வகுப்பில், சுழியத்தில் தொடங்காத வரைபடம் சிற்றுயர்வை மலையாக்கிக் காட்டும் சூழ்ச்சியைக் காணட்டும். அறிவியல் வகுப்பில், 2020-இல் கொரோனாவுக்கு மாட்டு மூத்திரம் மருந்தென்று பரவிய செய்திக்குச் சான்று கேட்கட்டும். புவியியல் வகுப்பில், 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை வரிசையாக வைத்து, சுரங்கம் எப்படி வளர்ந்தது, எந்த வயல்கள் அதற்குள் சென்றன என்று நெய்வேலிப் பிள்ளை அளந்து சொல்லட்டும். 2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிருக்கிடையே கால்வாய் வெட்டியபோது எழுந்த வழக்கில், இரு தரப்பும் சொன்னதைச் சீர்தூக்கும் ஆற்றல் அங்கிருந்துதான் பிறக்கும்.

இது கனவன்று. பின்லாந்து 2016 முதல் நடைமுறைப்படுத்திய பாடத்திட்டம், தகவல் தொழில்நுட்பத் திறனை எல்லாப் பாடங்களும் சேர்ந்து வளர்க்க வேண்டிய ஒன்றாக வைத்தது. நம் ஆசிரியர்க்குப் பதிவேடு நிரப்பவே நேரமில்லை என்பார்கள். மெய்தான். அந்தச் சுமையைக் குறைத்து, ஒவ்வொரு பாட ஆசிரியருக்கும் பயிற்சி தருவதே அரசின் கடமை. கைப்பேசி பிள்ளைகளைக் கெடுக்கும் என்பார்கள். கெடுக்கும், கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளையைக் கட்டாயம் கெடுக்கும். 2022 நவம்பருக்குப் பின், கேட்டதற்கெல்லாம் தயங்காமல் விடை எழுதும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. சரளமாக எழுதியிருப்பதாலேயே ஒன்று உண்மையாகாது. புராணங்களும் சரளமாகத்தானே எழுதப்பட்டன!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகரியத்து அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கு, பள்ளி சொல்லாததை வீடு சொல்லித்தரும். சுற்றுக் கிராமத்து ஒப்பந்தத் தொழிலாளியின் மகளுக்கு யார் சொல்லித்தருவார்? பள்ளியை விட்டால் அவளுக்கு வேறு வாயிலில்லை. அந்த வாயிலைப் பூட்டி வைப்பது புதுவகை வருணாசிரமம்.

1935-இல் பெரியார் தம் ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தம் செய்தார். அரசு அதை ஏற்றது 1978-இல். 1999-இல் தமிழ்99 விசைப்பலகை வந்தது. எழுத்தைக் கருவிக்கு ஏற்றவாறு ஆக்கினோம். இனி, கருவியை ஆளும் அறிவைப் பிள்ளைகளுக்கு ஆக்கித் தர வேண்டும். அதற்கும் நாற்பத்து மூன்றாண்டு காத்திருக்க முடியாது.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். எத்தனை கணினி இருக்கிறதென்று கேட்காதீர்கள். எத்தனை பாடங்களில் அது கேள்வி கேட்கப் பயன்படுகிறதென்று கேளுங்கள்.