பேரர் பெயரில் எழுதப்பட்ட கடன்

இலக்கியப் படைப்பொன்றை மதிப்பிடும்போது, அதிற் கூறப்பட்டதை மட்டுமன்றி, கூறாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டதையும் நாம் ஆராய்கின்றோம். காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2018 இல் வெளியிட்ட அறிக்கையையும் அவ்வாறே படித்தல் தகும்.

உலக வெப்ப உயர்வை 1.5 பாகையளவில் நிறுத்துவதற்கு நான்கு பாதைகளை அவ்வறிக்கை எடுத்துக்காட்டுகளாகத் தருகின்றது. முதலாம் பாதையில் சக்தித் தேவை குறைகின்றது. நிலக்கரியும் எண்ணெயும் விரைவிற் குறைக்கப்படுகின்றன. காபனீரொட்சைட்டை அகற்றுவதற்குக் காடு வளர்ப்பே போதுமாகின்றது. நான்காம் பாதையிலோ புகை முதலில் தாராளமாக வெளிவிடப்படுகின்றது. பின்னர் எரிபொருட் பயிர்களை வளர்த்து எரித்து, எழும் வாயுவைப் பிடித்து நிலத்தடியிற் புதைத்து, எல்லை கடந்த வெப்பத்தைத் தணிக்க வேண்டும். அப்பயிர்களுக்கு 2050 இல் வேண்டிய நிலம் 72 இலட்சம் சதுர கிலோமீற்றர். இந்தியாவின் பரப்பில் இருமடங்கிலும் அதிகம். முதலாம் பாதைக்கு 2 இலட்சமே போதும்.

இத்தகைய முடிவு எவ்வாறு பிறக்கின்றது? இக்கணித மாதிரிகளிற் பல, மொத்தச் செலவு மிகக் குறைந்த வழியைத் தேடுபவை. அத்தேடலில் வருங்காலச் செலவு கழிவு வீதத்தினாற் சுருக்கப்படுகின்றது. ஆண்டுக்கு 5 வீதம் கழித்தால், ஐம்பது ஆண்டுகளின் பின் செலவாகும் 100 டொலர் இன்று 9 டொலருக்கும் குறைவாகவே எண்ணப்படும். ஆகவே, இன்று ஆலையை மூடுவதிலும் பேரர் காலத்தில் வாயுவைப் புதைப்பது மலிவாகத் தோன்றுகின்றது. நிலத்தின் விளைச்சல் கணக்கில் உண்டு. அதை உழுதுண்போரின் உரிமைக்கு அங்கு இடமில்லை.

2016 இல் கெவின் அண்டர்சனும் கிளென் பீற்றர்சும் இதனைச் சூதாட்டமென எச்சரித்தனர். மாதிரி அமைப்போர் இவற்றை ஆரூடமாகக் கூறவில்லை என்பது உண்மையே. ஆயினும் நிபந்தனையுடன் கூறப்பட்டதை ஆள்வோர் அனுமதியாகக் கொள்ளும் அபாயத்தை நாம் புறக்கணிக்கலாகாது.

அகற்றுதலே வேண்டாம் என்பது நமது வாதமன்று. சீமெந்து, விமானம், வேளாண்மை ஆகியவற்றின் எஞ்சிய வெளியீட்டை ஈடுசெய்ய அது தேவைப்படும். ஆனால், 2021 இல் ஐஸ்லாந்தில் தொடங்கிய ஓர்க்கா நிலையம் ஆண்டுக்கு 4,000 தொன்னை அகற்றவே அமைக்கப்பட்டது. எரிபொருள்களால் உலகம் ஆண்டுதோறும் வெளிவிடுவதோ 3,500 கோடி தொன்னுக்கும் அதிகம்.

எனவே, இத்தகைய அறிக்கையை வகுப்பறையில் வாசிக்கும்போது, செலவு எவ்வளவு என்பதோடு நின்றுவிடாது, அதைச் செலுத்துவோர் யார், நிலம் யாருடையது என்றும் கேட்கும் பழக்கத்தை மாணவரிடையே நாம் வளர்த்தல் வேண்டும்.