குந்தவையின் முக்குறுணியும் அப்பா பெயரில் ஒரு லட்சமும்

அப்பா காலமாகி ஒரு வருடம் ஆனதும், அவர் பெயரில் ஏதாவது செய்யணும் என்று அக்காவும் நானும் பேச ஆரம்பித்தோம். அப்பா கணக்கு வாத்தியார். ஒரு கல்லூரியில் அவர் நினைவாக அறக்கட்டளைப் பரிசு வைக்கலாம் என்று முடிவாகி, நான் போய்ப் படிவம் வாங்கி வந்தேன். ஒரே பக்கம்தான். கொடுப்பவர் பெயர், யார் நினைவாக, தொகை, பரிசின் பெயர். கடைசியில் ஒரு வரி: வைப்புத் தொகையின் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் பரிசு வழங்கப்படும்.

எவ்வளவு பரிசு? வட்டி குறைந்தால்? கொடுக்காமல் விட்டால் யார் கேட்பது? எதுவும் அதில் இல்லை.

அந்தச் சமயத்தில் நான் படித்துக்கொண்டிருந்தது, ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி, அதாவது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். இராசராசனின் தமக்கை குந்தவைப் பிராட்டியார், அவனுடைய 29ஆம் ஆட்சியாண்டு வரை கோயிலுக்குக் கொடுத்தவை அதில் வருகின்றன. உமா பரமேசுவரி படிமங்களோடு, தன் தந்தைக்கும் ஒரு படிமம் எடுத்திருக்கிறார். தந்தை சுந்தர சோழன். கல்வெட்டு அவனை 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்கிறது. இந்தப் படிமங்களின் வழிபாட்டுச் செலவுக்குக் காசு முதலீடு செய்து வைத்தார். இதுவும் பெற்றவர் நினைவாக ஒரு அறக்கட்டளைதான். ஆகவே ரெண்டு ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் படுவது, வட்டி எதில் சொல்லப்பட்டிருக்கிறது என்பது. ஊர்ச் சபைகள் காசை வாங்கிக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு முக்குறுணி நெல் கோயிலுக்கு அளக்க வேண்டும். எந்த மரக்காலால் அளப்பது என்பதும் உண்டு: 'ஆடவல்லான்' என்னும் மரக்கால். வேறு சில முதலீடுகளுக்கு வட்டி காசாகவே வருகிறது; அங்கே காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம். காசுக்கு இரண்டு கலம் நெல் என்று வைத்தால், இரண்டு கலம் என்பது 24 குறுணி. அதில் மூன்று குறுணியும் அதே எட்டில் ஒன்றுதான். அரிசி, நெய், பாக்கு, வெற்றிலை எல்லாம் அளவோடும் எண்ணிக்கையோடும் எழுதப்பட்டிருக்கின்றன. நெல் விலை ஏறினாலும் இறங்கினாலும் படையலில் ஒரு பிடி குறையாது. நம்ம படிவத்தில் கடமை ரூபாயில்கூட இல்லை, 'பரிசு' என்ற வெறும் சொல்லில் நிற்கிறது.

அடுத்தது, முதல் தேயாமல் பார்த்துக்கொள்ளும் வழி. இதற்குப் பெரிய கோயிலின் விளக்குக் கொடைகளைப் பார்க்க வேண்டும். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. மேய்ப்பவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படிப்பட்ட ஆடுகளுக்குச் சோழர் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாது, கிழடாகாது என்றா அர்த்தம்? இல்லை. செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்ப வேண்டும், மந்தையின் கணக்கு குறையவே கூடாது என்று அர்த்தம். விளைச்சலில் ஒரு பங்கு முதலுக்கே திரும்பிப் போகிறது.

இப்போது நம்ம கணக்கு. ஒரு லட்சம் ரூபாய், 7 சதவீத வட்டி, வருடம் 7,000. விலைவாசி 6 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். 12 வருடத்தில் அந்த 7,000 ரூபாய்க்கு இன்றைய 3,500 ரூபாய் மதிப்புதான். 24 வருடத்தில் 1,750. தங்கப் பதக்கம் வெள்ளியாகி, முலாமாகி, கடைசியில் சான்றிதழ் மட்டும் மிஞ்சுவது இப்படித்தான். யாரும் திருட வேண்டியதில்லை. வட்டி முழுவதையும் செலவழிக்கிறோம், அதாவது குட்டிகளையும் சேர்த்துத் தின்கிறோம். மந்தை குறையாமல் இருக்க 6,000 ரூபாய் முதலோடு சேர வேண்டும். செலவுக்கு மிஞ்சுவது ஆயிரம் ரூபாய்!

இதோடு நிறுத்தினால் 'அந்தக் காலத்துல எவ்வளவு அறிவா இருந்தாங்க பாருங்க' என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு கட்டுரை கிடைத்துவிடும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 12.5 சதவீதத்தை நெல்லாகவே, சந்திராதித்தவல், அதாவது நிலவும் சூரியனும் உள்ளவரை, கொடுப்பது யார்? உழுகிறவன்தான். எட்டு வருடத்தில் வாங்கிய காசு அளவுக்கு நெல் போய்விடும். ஒன்பதாம் வருடமும் அளக்கணும், பேரன் காலத்திலும் அளக்கணும். குந்தவையின் அறம் உறுதியாக நின்றதற்கு அரச குடும்பத்தின் அதிகாரமும் ஒரு காரணம். அந்த நிபந்தனையை இன்று எந்த வங்கியும் ஏற்காது. ஏற்கச் சொல்வதும் நியாயமில்லை.

அவ்வளவு செய்தும் அது என்றைக்குமாக நிற்கவில்லை. தந்தை பெயரில் தஞ்சையில் 'சுந்தர சோழ விண்ணகர் ஆதுலசாலை' என்ற மருத்துவமனைக்கும் குந்தவை கொடை கொடுத்தார். இன்று அந்த ஆதுலசாலை இல்லை. அதைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது.

இதையெல்லாம் அக்காவிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன்டா, அப்பா பேரு எப்பவும் இருக்கணும்னு யார் கேட்டா? அவர் யாருக்காவது பீஸ் கட்டினா பலகையில எழுதி வெச்சாரா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஆனால் எக்செல்லில் இன்னொரு கணக்குப் போட முடிந்தது. என்றென்றைக்கும் என்பதை விட்டுவிட்டு, முதலையும் சேர்த்து 20 வருடத்தில் தீர்ப்பது என்று வைத்தால், அதே ஒரு லட்சத்தில் வருடம் சுமார் 5,500 ரூபாய், இன்றைய மதிப்பில், குறையாமல் கொடுக்கலாம்.

ஆகவே படிவத்தோடு தனியாக ஒரு பக்கம் எழுதி இணைத்தோம். பரிசு வேண்டாம், கணக்குப் பாடத்தில் தவறி மறுதேர்வு எழுதும் பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணம், அது அந்த வருடம் எவ்வளவோ அவ்வளவு. இருபதாம் வருடம் கணக்கை முடித்துவிடலாம். வருடா வருடம் யாருக்கு எவ்வளவு போனது என்று ஒரு வரி எங்களுக்கு எழுத வேண்டும்; பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

கல்லூரி அலுவலகத்தில் அதை இரண்டு முறை படித்தார்கள். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல சார், மேல கேட்டுச் சொல்றோம்" என்றார்கள். இன்னும் பதில் வரவில்லை. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு கல்லூரி பார்க்கணும். அப்பா பெயரில் அறக்கட்டளை வைக்க நினைப்பவர்கள், தொகையை எழுதுவதற்கு முன் அந்த ஒரு பக்கத்தை எழுதிப் பாருங்கள்.